விரலுக்கும் கண்ணுக்கும் முதல் செலவு

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து, மெய்ப்பும் பார்த்துக் கொடுக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். தினமும் ஆறேழு மணி நேரம் லேப்டாப்பிலேயே அடிக்கிறேன். சில மாதங்களாக வலது மணிக்கட்டிலும் சுண்டுவிரல் பக்கமும் வலி. சாயங்காலம் ஆனால் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. கடையில் கேட்டால், "மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குங்க மேடம்" என்கிறார்கள். அக்கா மகனோ, "அதெல்லாம் கேம் ஆடுறவங்களுக்கு சித்தி, புது லேப்டாப்பா வாங்கிடுங்க" என்கிறான். கையில் பெரிய தொகை இல்லை. எதை முதலில் வாங்குவது? தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டு தேவையா? பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கும் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தர ஆசை. நான் படித்த பழைய முறையைச் சொல்லித்தரவா, தமிழ் 99-ஐயா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: புது லேப்டாப் இப்போது வேண்டாம். தனியாக ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டு. உங்கள் முதல் செலவு இந்த மூன்றுக்கும்தான். மூன்றையும் சேர்த்தாலும் புது லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒரே கீலில் பிணைந்திருக்கின்றன. திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமென்றால் கையைத் தோள் வரை தூக்க வேண்டும். கை இயல்பான உயரத்தில் இருக்க வேண்டுமென்றால் கழுத்தை வளைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு உடம்பு இதைத் தாங்கும். ஆறேழு மணி நேரத்துக்குத் தாங்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எல்லா லேப்டாப்பிலும் இந்தக் கீல் உண்டு. அதனால்தான் அக்கா மகன் சொல்லும் யோசனை உங்கள் வலியைத் தீர்க்காது. திரையையும் கீபோர்டையும் பிரித்துவைத்தால் கழுத்துப் பிடிப்பில் பெரும்பகுதி குறைய வழி உண்டு.

கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகிறதா, இரவில் அந்த மரமரப்பால் விழிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் மணிக்கட்டின் குறுகலான பாதையில் ஒரு நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலும் மரத்துப்போனால் அது வேறொரு நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றியே வேலை செய்பவர்களுக்கு அங்கே அழுத்தம் ஏற்படுவதுண்டு. எந்தக் கீபோர்டும் மருந்தல்ல. நல்ல கீபோர்டு வலிக்கான காரணங்களில் ஒன்றைக் குறைக்கும், அவ்வளவுதான். மரமரப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது

கடைகளில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீபோர்டுகள் மெம்பிரேன் வகை. உள்ளே மின்தடம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அவற்றுக்கு மேல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ரப்பர் குமிழ். நீங்கள் அழுத்தும்போது குமிழ் மடிந்து, தாள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் எழுத்து விழும். அதாவது ஏறக்குறைய அடிவரை அழுத்தியே ஆக வேண்டும். நாள்பட ரப்பரின் துள்ளல் போய்விடும். அப்போது சில விசைகள் கடினமாகவும் சில தொளதொளப்பாகவும் ஆகி, விரலுக்கு வேலை கூடும்.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுதான் இன்றைய பெரும்பாலானவற்றுக்கு மாதிரி. அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. விலையும் வெகுவாக இறங்கியது. இந்தச் சுவிட்ச் மொத்தம் 4 மி.மீ. கீழே போகும். ஆனால் 2 மி.மீ. போனதுமே எழுத்து விழுந்துவிடும். மிச்சம் 2 மி.மீ. அழுத்தத் தேவையில்லை. உங்களுக்கு இதில் பெரிய ஆதாயம் உண்டு. டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் எழுத்தை ஓங்கி அடிக்கும். தாளில் அச்சு விழ அந்த அடி தேவைப்பட்டது. கணினிக்கு அது தேவையில்லை. ஆனாலும் பழக்கம் போகாமல், மெல்லிய லேப்டாப் விசைகளில் நாள் முழுவதும் அடிப்பலகையை இடித்துக்கொண்டே இருப்போம். அந்த இடி முழுவதும் விரல் மூட்டுகளுக்குத்தான் திரும்பி வரும்.

சுவிட்சுகளை நிறத்தால் சொல்வார்கள். சிவப்பு சுமார் 45 கிராம் அழுத்தத்தில் தடையில்லாமல் இறங்கும். பழுப்பு 55 கிராம் அளவில், பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கலைக் காட்டிவிட்டு இறங்கும். நீலம் 60 கிராம் அளவு. ஒவ்வோர் எழுத்துக்கும் 'டிக்' என்ற சத்தம் உண்டு. நம்மூர் டிடிபி சென்டர்களிலும் கவுன்டர்களிலும் பலர் விரும்பிப் பயன்படுத்திய டிவிஎஸ் கோல்டு இந்தச் சத்தமிடும் ரகம். உங்களுக்குப் பழுப்பு பொருந்தும். எழுத்து விழும் இடத்தை அந்தத் தடங்கல் விரலுக்குச் சொல்லிவிடும். கொஞ்ச நாளில் விரல் அங்கேயே நிறுத்தப் பழகும். மகள் பக்கத்தில் படிக்கும் வீட்டில், இரவு வேலைக்கு நீலம் சரிப்படாது.

ஒரு குறை உண்டு. மெக்கானிக்கல் கீபோர்டு உயரமானது. அதைச் சாதாரண மேசையில் வைத்து அடித்தால் மணிக்கட்டு பின்பக்கமாக மடியும். அந்த மடிப்பு உங்கள் வலியைக் கூட்டிவிடக்கூடும். உயரத்தைச் சரிசெய்ய இடமில்லையென்றால், லேப்டாப்பில் உள்ளதுபோன்ற தட்டையான, கத்தரி அமைப்புள்ள தனிக் கீபோர்டே உங்களுக்கு மேல். விலையும் குறைவாக இருக்கும். கேம் ஆடுபவர்களுக்கான வண்ண விளக்குகள், ஒரே நேரத்தில் பத்து விசையை அழுத்தும் வசதி போன்றவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தமிழ் அடிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் வலது ஓரம்

கீபோர்டு விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் 'பி' என்ற எழுத்துக்கு வலப்பக்கமுள்ள விசைகள் அடைப்புக்குறி, மேற்கோள் போன்ற குறிகளுக்கானவை. எப்போதாவதுதான் விரல் அங்கே போகும். தமிழில் நிலைமை வேறு. தமிழ் 99 என்ற தட்டச்சு முறையில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு எழுத்துகளும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. இவற்றில் ண தவிர மற்ற ஐந்தும் ஆங்கிலத்தில் குறிகள் இருக்கும் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் பழைய தட்டச்சு முறையிலும் வலது ஓரத்துக்கு வேலை அதிகம். அதோடு ஷிப்டை அடிக்கடி பிடிக்க வேண்டும். உங்கள் வலி சுண்டுவிரல் பக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே கடையில் கீபோர்டை எடுத்ததும் வலது ஓரத்தைப் பாருங்கள். விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19 மி.மீ. இருப்பதுதான் வழக்கமான அளவு. இடத்தை மிச்சப்படுத்த நினைக்கும் சிறிய லேப்டாப்புகளும் சில கையடக்கக் கீபோர்டுகளும் முதலில் நறுக்குவது இந்த ஓரத்து விசைகளைத்தான். ச-வும் ந-வும் ய-வும் குறுகிப்போனால் சுண்டுவிரல் தடுமாறும். அம்புக்குறிக்கு இடம்விட வலது ஷிப்டைக் குட்டையாக்கிய கீபோர்டுகளும் உண்டு. பழைய முறையில் அடிக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது.

முழுக் கீபோர்டில் 104 விசைகள். அதிலிருந்து வலப்பக்க எண் பகுதியின் 17 விசைகளை எடுத்துவிட்டால் 87. இதை டிகேஎல் என்று கேட்டு வாங்கலாம். எழுத்து விசைகளும் ஷிப்டும் முழு அளவில் இருக்கும். நீளம் மட்டும் எட்டு செ.மீ. அளவுக்குக் குறையும். அந்த எட்டு செ.மீ. மவுஸை உங்கள் பக்கம் கொண்டுவரும். மெய்ப்புத் திருத்தும்போது நிமிடத்துக்குப் பலமுறை மவுஸுக்கும் விசைக்கும் இடையே அலையும் வலது தோளுக்கு இது நல்ல ஓய்வு. கணக்கு வேலை செய்யாதவருக்கு எண் பகுதி வேண்டியதில்லை.

விசைத்தொப்பி எந்தப் பிளாஸ்டிக் என்றும் கேளுங்கள். ஏபிஎஸ் சில மாதங்களில் விரல் எண்ணெய் பட்டுப் பளபளக்கும். பிபிடி சொரசொரப்பை நெடுநாள் காக்கும். எழுத்து மேலே அச்சிட்டதா, இரண்டு பிளாஸ்டிக்குகளை வார்த்துச் செய்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வார்த்தது அழியாது.

உயரம் சரியில்லையென்றால் எதுவும் பயன்படாது

கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் எந்த உயரத்தில் வருகிறதோ அதுவே கீபோர்டின் உயரம். நம் வீட்டு மேசைகள் பொதுவாக 75 செ.மீ. உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்குச் சாதாரண நாற்காலியில் அமர்ந்தால் அது முழங்கைக்கு மேலே போய்விடும். நாற்காலியில் கெட்டியான திண்டு போட்டு உயர்ந்து உட்காருங்கள். கால் தரையில் படாவிட்டால் கீழே ஒரு மணைப்பலகை வையுங்கள். இழுப்புப் பலகையுள்ள கணினி மேசை இருந்தால் இன்னும் நல்லது. கீபோர்டின் பின்புறக் கால்களை நிமிர்த்தாதீர்கள். அவை மணிக்கட்டை மேலும் மடக்கும். உள்ளங்கைக்கு ஒரு திண்டு வைத்துக்கொள்ளலாம். அது அடிக்கும்போது ஊன்றுவதற்கல்ல, இடைவேளையில் கையைக் கிடத்துவதற்கு.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்டாண்டுக்கும் பணம் ஒதுக்க முடியாவிட்டால் தடித்த புத்தகங்களின் அடுக்கு போதும். எழுத்தளவைத் தயங்காமல் 125 சதவீதமாக்குங்கள். மெய்யின் புள்ளி விடுபட்டதா, துணைக்கால் விழ வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்ததா என்பதைச் சின்ன எழுத்தில் கண்டுபிடிக்கக் கண் படாத பாடு படும். அடுத்த கட்டமாகப் பணம் சேர்ந்தால் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்குங்கள். மூலப்பிரதியின் ஸ்கேனையும் நீங்கள் அடிப்பதையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

மகளுக்கு எது, உங்களுக்கு எது

கீபோர்டில் தமிழ் எழுத்து பொறித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை முடிவுசெய்வது கணினியில் இருக்கும் மென்பொருள். நல்ல ஆங்கிலக் கீபோர்டை வாங்கி, வேண்டிய முறையைக் கணினியில் அமைத்துக்கொள்ளலாம். ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலும் பழைய தட்டச்சு முறையும் உண்டு, தமிழ் 99-உம் உண்டு. விண்டோஸின் இன்றைய பதிப்பிலும் ஆப்பிள் கணினிகளிலும் தமிழ் 99 உள்ளமைந்தே வருகிறது.

நீங்கள் முறையை மாற்ற வேண்டாம். ஹையர் வரை போன கைப்பழக்கம் உங்கள் பிழைப்புக்கான முதலீடு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா போன்றவர்கள், தமிழின் 247 எழுத்துகளை ஓர் இயந்திரத்தின் சில டஜன் விசைகளுக்குள் அடக்க எடுத்த பெருமுயற்சியிலிருந்து வந்தது தமிழ்த் தட்டச்சு. ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிப்பது போன்ற ஒழுங்குகள் இயந்திரத்தின் தேவைக்காக வந்தவை. பழகிய கைக்கு அவை தடையல்ல.

மகளுக்குத் தமிழ் 99. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய முறை இது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். உயிர்மெய்யை அடிக்கும்போது இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும். நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. தமிழில் அடிக்கடி வருபவற்றில் பல விரல் நிற்கும் வரிசையிலேயே கிடைக்கின்றன. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் அம்மா. இன எழுத்துகளுக்கும் அப்படியே: ப, ந, த, உ என்று தட்டினால் பந்து. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கப் பழகும் பிள்ளைகள் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனத்துக்குள் ரோமன் எழுத்தாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மகள் தமிழைத் தமிழாகவே நினைத்து அடிக்கட்டும்.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கண் கீழேயே போகும். எழுத்து வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரையின் அடியில் ஒட்டுங்கள். எல்லாக் கீபோர்டிலும் இரண்டு விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு உண்டு. தமிழ் 99-இல் இடது மேடு புள்ளி, வலது மேடு ப. ஆள்காட்டி விரல்கள் அங்கே நின்றால் மற்றவை தம் இடத்தில் நிற்கும். தினம் இருபது நிமிடம், நடு வரிசையில் தொடங்கட்டும்.

கடைசியாக, கடையில் கீபோர்டைச் சோதிக்கும்போது இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் முறையில் ஒரு பத்தி முழுவதும் அடிக்க அனுமதி கேளுங்கள். இது உங்கள் தொழிற்கருவி. கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் செட் வாங்கினேன். சில நேரம் எழுத்து விடுபடுகிறது, மவுஸ் தத்துகிறது. பேட்டரி புதிதுதான். கீபோர்டே பழுதா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ரிசீவரை எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஓட்டையில் பென் டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ ஓடினால், அதிலிருந்து எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். இன்டெல் நிறுவனமே இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. உங்கள் ரிசீவர் பேசும் அலைவரிசையும் அதுதான். டெஸ்க்டாப் என்றால் இரும்புப் பெட்டியின் பின்பக்கத்தில் ரிசீவர் ஒளிந்திருப்பதும் ஒரு காரணம். ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரை மேசைமேல் கீபோர்டுக்கு அருகில் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு வயருள்ள கீபோர்டுதான் சிறந்தது: பேட்டரிச் செலவு இல்லை, தொலைந்துபோக ரிசீவர் இல்லை.

கேள்வி: கீபோர்டில் காபி கொட்டிவிட்டது. துடைத்துவிட்டேன். வேலை செய்கிறது; ஆனால் சில விசைகள் ஒட்டிக்கொள்கின்றன, எறும்பும் வருகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: எறும்பு வருகிறதென்றால் சர்க்கரை உள்ளே தங்கிவிட்டது. தனிக் கீபோர்டு என்றால் வயரைக் கழற்றுங்கள். பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, விசைத்தொப்பிகளை மேல்நோக்கி நேராக இழுத்து எடுங்கள். தொப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அடிப்பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மெடிக்கல் ஷாப்பிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் நெளியும். ஒரு நாள் முழுவதும் காயவிட்ட பிறகு இணையுங்கள். ஸ்பேஸ் பார் போன்ற நீண்ட விசைகளின் அடியில் கம்பி இருக்கும். அதை வளைக்காமல் எடுங்கள். லேப்டாப் என்றால் நீங்களே முயல வேண்டாம். காபி கொட்டிய உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்து, ஆன் செய்து பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதுதான் வழி. கீபோர்டுக்குக் கீழேயே மதர்போர்டும் பேட்டரியும் இருக்கின்றன. எறும்பு வராமலிருக்க மருந்து தெளிப்பதும் கூடாது.

கேள்வி: டெஸ்க்டாப்பின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. டெஸ்டரும் எரிகிறது. "எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: விட்டுவிடக் கூடாது. உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. கணினியின் பவர் சப்ளையில் மின்னிரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். அதைத்தான் நீங்கள் உணர்கிறீர்கள். அந்தக் கசிவு மட்டுமே இருக்கும்வரை உறுத்தலோடு போகும். பவர் சப்ளையில் உண்மையான பழுது வரும் நாளில், உங்களைக் காக்க வேண்டிய எர்த் அங்கே இருக்காது என்பதுதான் ஆபத்து. மானிட்டரையோ பிரின்டரையோ செருகும்போது யூஎஸ்பி, எச்டிஎம்ஐ பகுதிகளும் இதனால் கருகலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயின்ட்டையும் வீட்டின் எர்த் குழியையும் சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். குழந்தைகள் தொடும் பெட்டி அது.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரன்ட் போனால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி தொடங்குகிறது. தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: முதலில் இன்வெர்ட்டரின் பின்புறமோ பக்கவாட்டிலோ யூபிஎஸ் என்று குறித்த சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் நின்றபின் கணினியின் பவர் சப்ளை முழுச் சுமையில் 16, 17 மில்லி விநாடி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் அதைவிடத் தாமதமாகப் பேட்டரிக்கு மாறும்; மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். யூபிஎஸ் நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும். பல வீடுகளில் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டாலே பிரச்சினை தீர்கிறது. பிறகும் அணைந்தால் 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கி, அதில் கணினியையும் மானிட்டரையும் மோடத்தையும் மட்டும் இணையுங்கள். பிரின்டரை, குறிப்பாக லேசர் பிரின்டரை அதில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10 ஓடுகிறது. நத்தை வேகம். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். நத்தை வேகத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்டு டிஸ்க். அது நொடிக்கு 100, 150 எம்பி படித்தாலே அதிகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் ஏழெட்டு வருட இயந்திரமும் வீட்டு வேலைக்கு நன்றாக ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கை வெளிப்பெட்டியில் போட்டு, புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ளலாம். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்தக் கணக்கை விடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கும். உங்கள் கணினி அதற்குள் வந்தால் எஸ்எஸ்டி போடும்போதே விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். வராவிட்டால் லினக்ஸை முயலுங்கள். உபுன்டு, மின்ட் போன்றவை இலவசம். பிரவுசரும் ஆவண வேலையும் தமிழ்த் தட்டச்சும் அவற்றில் தடையின்றி நடக்கும். வங்கி வேலையைப் பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தில் செய்யாதீர்கள்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். நன்றாக இருக்கும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் புதுப் பெட்டியோடும் வேலை செய்யும். பழைய பெட்டியை எடைக்கடையில் போடாமல், மின்கழிவுக்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி மின்கழிவு மறுசுழற்சியாவதை உறுதிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. பிராசஸர் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல கீபோர்டும் நல்ல திரையும் இரண்டு, மூன்று கணினிகளைத் தாண்டி உழைக்கும். அடுத்த முறை பட்ஜெட் போடும்போது அவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.